ஓதுவார்க்கு உணவு

காஞ்சிபுரத்துக் காமாட்சியம்மன் இருநாழி நெல்லைக் கையில் வைத்துக்கொண்டு முப்பத்திரண்டு அறங்களையும் வளர்த்தாள் என்பது ஊரறிந்த பழங்கதை. கதையை எல்லோரும் சொல்லுவோம். அந்த முப்பத்திரண்டும் எவை என்று கேட்டால் விழிப்போம். ஒரு நாள் உட்கார்ந்து அந்த ஜாபிதாவை வாசித்துப் பாருங்கள். ஆதுலர்க்குச் சாலை என்று ஆரம்பிக்கிறது. உடனே அடுத்தபடியாக ‘ஓதுவார்க்கு உணவு’ வந்துவிடுகிறது. ஓதுவார் என்றால் தேவாரம் பாடுகிறவர் மட்டும் அல்லர், படிக்கிற பிள்ளைகள். அதற்கப்புறம் பசுவுக்கு வாயுறை, சிறைச்சோறு, மகவு வளர்த்தல், மகப்பால் வார்த்தல் என்று போகிறது. தலைக்கு எண்ணெய் உண்டு. முகம் பார்க்கக் கண்ணாடி உண்டு. தின்பண்டம் நல்குவதைக்கூட அம்மன் மறக்கவில்லை.

ஆனால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாலும், ‘ஓதுவார்க்கு உணவைப் பற்றிய உபதேசம்’ என்று ஓர் அறம் அந்த முப்பத்திரண்டில் இல்லை. அம்மனுக்குத் தோன்றாத அந்த முப்பத்து மூன்றாவது அறம் நமக்குத் தோன்றியிருக்கிறது.

செப்டம்பர் மாதம் பிறந்தால் போதும். 2018 முதல் அது தேசிய ஊட்டச்சத்து மாதம். பள்ளிக்கூடச் சுவர்களில் வர்ணப் படங்கள் ஏறுகின்றன. உணவுப் பிரமிடு என்று ஒன்று வரைகிறார்கள். அடியில் தானியம், நடுவில் காய் கனி, உச்சியில் எண்ணெயும் சர்க்கரையும். கோபுரத்துக்குப் பேர்போன ஊரில் கூடப் பிரமிடுதான்! கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி, ஊர்வலம், உறுதிமொழி. பரிசு வாங்கின பிள்ளை கை நிறையக் காகிதத்தோடு வீட்டுக்குப் போகிறது.

போன வருஷம் என் பேத்தி காரட் வேஷம் போட்டாள். சென்னையில் ஒரு தனியார் பள்ளிக்கூடம்; பேர் வேண்டாம். ‘ஆரோக்கிய உணவு தினம்’ என்று கொண்டாடினார்கள். ஆரஞ்சு வர்ணத்தில் ஓர் உறையும், தலையில் பச்சைத் துணியால் தழையும். வாடகை அறுநூறு ரூபாய். மேடை ஏறி, ‘நான் ஒரு காரட், என்னைத் தின்றால் கண்ணுக்கு நல்லது’ என்று இங்கிலீஷில் இரண்டு வரி சொன்னாள். பிரமாதமாகக் கை தட்டினோம். விழா முடிந்ததும் காரட்டுக்கும், முட்டைக்கோசுக்கும், கத்தரிக்காய்க்கும் ஆளுக்கு ஒரு கிரீம் பிஸ்கோத்துப் பொட்டலமும், அட்டைப் பெட்டியில் அடைத்த பழச்சாறும் கொடுத்து அனுப்பினார்கள். ராத்திரி வீட்டில் காரட் பொரியல். குழந்தை தொடவில்லை. “நான்தானே தாத்தா காரட்! என்னை நானே எப்படித் தின்கிறது?” என்றாள். அந்தப் பள்ளிக்கூடம் அன்று முழுதும் சொல்லிக் கொடுத்ததைவிட அந்தக் கேள்வியில் தர்க்கம் அதிகம்.

கல்வியின் மேல் எனக்கு வெறுப்பு இல்லை. குழந்தைகளுக்கு உணவைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கத்தான் வேண்டும். தட்டை ஒரு பக்கமும் பாடத்தை ஒரு பக்கமுமாகப் பிரித்து வைத்துவிட்டு, தட்டு ஏழைப் பிள்ளைகளுக்கு, பாடம் நம் பிள்ளைகளுக்கு என்று பங்கு போட்டிருக்கிறோமே, அதோடுதான் என் சண்டை. இந்தப் பங்கீட்டில் ஏமாந்தவர்கள் நாம்தான் என்பது என் கட்சி. அதைச் சொல்லக் காஞ்சிபுரத்தைவிட வாகான இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

காஞ்சிபுரத்துப் பட்டு என்றால் நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோத்து வாங்குகிற கொர்வைச் சேலைதான் அந்த ஊரின் கீர்த்தி. அதற்கு மூன்று நாடா வேண்டும். தறியில் உட்கார்ந்திருக்கிறவருக்கு ஒரு பக்கத்துக் கரைதான் கைக்கு எட்டும். எதிர்க்கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குக் கூலி மலிவாக இருக்கவேண்டும், கை சிறிதாக இருக்கவேண்டும், எதிர்த்துப் பேசக்கூடாது. அப்பேர்ப்பட்ட ஆள் யார் என்று நான் சொல்லவேண்டுமா? பல தலைமுறையாக நம் கல்யாணக் கூறைகளின் ஒரு கரையைப் பெரியவர்கள் நெய்தார்கள், மறு கரையைக் குழந்தைகள் நெய்தார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையைத் தறிக்கு விட்ட குடும்பங்கள் எத்தனையோ. 2003ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைப்பட்ட குழந்தைகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் காசியோடு காஞ்சியும் இருந்தது. மோட்ச புரிகள் ஏழில் இரண்டு!

சட்டம் பல வந்தன. 1986ல் ஒன்று, 2016ல் அதற்கு ஒரு திருத்தம். திருத்தத்திலும் ஒரு சந்து வைத்திருக்கிறார்கள். பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாமாம். தறி வீட்டுக்குள்ளேயே இருக்கிற ஊரில் எது உதவி, எது வேலை என்று எந்த இன்ஸ்பெக்டர் வந்து அளப்பார்? தறிக் குழியிலிருந்து பிள்ளைகளைக் கைப்பிடித்து வெளியே இழுத்த சக்திகளில் சட்டமும் ஒன்று, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வயிறு பேசுகிற பாஷையில் பேசியது பள்ளிக்கூடத்து அடுப்பு.

அந்த அடுப்பின் சரித்திரத்தில் நெசவுக்கும் காஞ்சிக்கும் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1920ல் சென்னை மாநகராட்சியில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டார்கள். ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஆரம்பம். தலைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்று நிபந்தனை. அப்போது மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயச் செட்டியார் தறிகள் வைத்து நடத்தியவர். பள்ளிக்கூடப் பணத்தைச் சாப்பாட்டில் செலவு செய்வதாவது என்று வெள்ளைக்கார சர்க்கார் ஆட்சேபித்தது. 1925ல் அது நின்று போயிற்று. ‘கல்விப் பணம் வேறு, சோற்றுப் பணம் வேறு’ என்ற அந்தத் துரைத்தனப் புத்தி நூறு வருஷம் ஆகியும் நம்மைவிட்டுப் போகவில்லை.

பிறகு காமராஜர். 1956ல் எட்டயபுரத்தில், பாரதி பிறந்த மண்ணில், மதிய உணவைத் தொடங்கி வைத்தார். அதற்குக் கையும் காலுமாக ஓடியவர் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு. அந்த ‘நெ’ என்னும் எழுத்து எது தெரியுமா? காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலுள்ள நெய்யாடுபாக்கம். ஒரு சாப்பாட்டுக்குப் பத்து நயாபைசா. அதில் ஆறு சர்க்கார் கொடுக்கும், நாலு ஊரார் கொடுக்கவேண்டும். ஊர் ஊராகப் போய், பெரிய மனிதர்களையும் சிறிய மனிதர்களையும் திண்ணையில் உட்காரவைத்து, அந்த நாலு பைசாவை வாங்கினார்கள். அரிசியாகவும் விறகாகவும் கூடக் கொடுத்தார்கள். நாலு பைசா கொடுத்தவன், சாம்பார் எப்படி இருக்கிறது என்று எட்டிப் பார்க்கவும் வந்தான். அது ஒரு பெரிய விஷயம். இன்று முழுச் செலவையும் சர்க்கார் ஏற்றுக்கொண்டதில் நமக்கு நஷ்டம் ஒன்றே ஒன்று. எட்டிப் பார்க்கிற பழக்கம் போய்விட்டது.

1982 ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக்கி விரித்தபோது படித்தவர்கள் சிரித்த சிரிப்பை நம்மில் வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கஜானா காலியாகிவிடும், பள்ளிக்கூடம் சத்திரம் ஆகிவிடும், பிள்ளைகள் பிச்சைக்காரர்கள் ஆகிவிடுவார்கள் என்றெல்லாம் சோதிடம் சொன்னோம். அப்புறம் என்ன ஆயிற்று? 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றமே, நாடு முழுவதும் ஆரம்பப் பள்ளிகளில் சமைத்த சோறு போடவேண்டும், 300 கலோரிக்கும் 8 முதல் 12 கிராம் புரதத்துக்கும் குறையக்கூடாது என்று உத்தரவு போட்டது. அதுவரை பல மாநிலங்களில் மாதத்துக்கு மூன்று கிலோ தானியத்தைப் பிள்ளையின் பையில் கொட்டி அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்தார்கள். நாம் சிரித்ததை நாடு காப்பியடித்தது. 1989ல் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக வந்த முட்டை, 2010ல் வாரத்துக்கு ஐந்து ஆயிற்று. முட்டை தின்னாத பிள்ளைக்கு வாழைப்பழம். இதே முட்டையைக் கண்டு வேறு மாநிலங்களில் முதல் மந்திரிகளே மிரண்டிருக்கிறார்கள். 2015ல் மத்தியப் பிரதேசத்தில் அங்கன்வாடிக்கு முட்டை வேண்டாமென்று தடுத்தார்கள். நம் ஊரில் அந்தச் சண்டையை ஒரு வாழைப்பழம் தீர்த்து வைத்துவிட்டது. இந்த ராஜதந்திரத்துக்கு ஒரு நோபல் பரிசு கொடுக்கலாம்.

2022 செப்டம்பர் 15, காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணாவின் பிறந்த நாள். அன்று மதுரையில் காலைச் சிற்றுண்டித் திட்டம் தொடங்கியது. ஒன்று முதல் ஐந்து வகுப்புவரை. மறு வருஷம் ஆகஸ்டில் முப்பத்தோராயிரம் அரசுப் பள்ளிகளுக்குப் பரவிற்று. உடனே, அந்த ஆகஸ்டு மாதம் முடிவதற்குள்ளேயே, ஒரு தமிழ் நாளிதழ் தன் முதல் பக்கத்தில் என்ன போட்டது தெரியுமா? பிள்ளைகள் இரண்டு வேளை தின்பதால் பள்ளிக்கூடக் கழிவறை நிரம்பி வழிகிறதாம்! நான் முப்பது வருஷத்துக்கு மேலாக எழுதிப் பிழைக்கிறவன். எழுத்தைக் கண்டு வெட்கப்பட்ட நாட்கள் எனக்கு அதிகம் இல்லை. அன்று வெட்கப்பட்டேன். தன் வீட்டுக் குழந்தை காலையில் இட்லி தின்றதற்குக் கழிவறைக் கணக்கு எழுதுகிற தகப்பன் எவனாவது உண்டா? எட்டு மணிக்குத் தின்னாமல் பள்ளிக்கூடம் வருகிற குழந்தையை ஒரு தடவை கூடப் பார்க்காத பேனாதான் அப்படி எழுதும்.

அந்தக் குழந்தையைப் பார்க்க வேண்டுமானால் காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்துப் பக்கம் விடியற்காலையில் போங்கள். நான் போனேன். தெருவில் பாவை நீளமாக விரித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பட்டு இழைக்கு அரிசிக் கஞ்சி போட்டு, வெயில் ஏறுவதற்குள் உலர்த்த வேண்டும். கஞ்சி போடாவிட்டால் இழை தறியில் நிற்காது, அறுந்துவிடும் என்று ஒரு பெரியவர் விளக்கினார். அவர் பேசிக்கொண்டே இருந்தார். என் கண் பக்கத்துத் திண்ணைக்குப் போயிற்று. சீருடை போட்ட ஒரு பையன், ஏழு வயசு இருக்கும், கண்ணாடித் தம்ளரில் டீயை வைத்துக்கொண்டு பொறையை முக்கி முக்கித் தின்று கொண்டிருந்தான். விசாரித்தேன். அவன் அம்மா ஐந்து மணிக்கு எழுந்து பட்டு இழைக்கிறாள், அப்பா தறியில். அடுப்பு மூட்டுவது பத்து மணிக்கு மேல்தான். தலைமுறை தலைமுறையாக அந்தத் தெருக் குழந்தைகளின் காலை ஆகாரம் அந்த டீயும் பொறையும்தான். பட்டுக்குக் கஞ்சி உண்டு.

டீ ஒன்றும் விஷம் இல்லை. ஆனால் சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால், உணவில் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பு ஏற்காமல் அது தடுத்துவிடும். இருக்கிற கொஞ்ச இரும்பும் போயிற்று. இந்த உண்மையைச் சுவரில் எழுதிப் போடலாம். போட்டிருக்கிறார்கள். அந்தத் தாய் அதைப் படித்துவிட்டு என்ன செய்யவேண்டும்? தறியை நிறுத்திவிட்டுப் பொங்கல் கிளற வேண்டுமா?

“இப்போ பரவாயில்லைங்க. இது சும்மா வாய்க்குத்தான். எட்டரைக்கு ஸ்கூல்ல உப்புமாவோ கிச்சடியோ போட்டுடறாங்க” என்றாள் அந்த அம்மாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தையை நீங்கள் கவனிக்க வேண்டும். ‘சும்மா வாய்க்கு.’ எது ஆகாரம், எது வாய்க்குத் தின்கிறது என்று அவளுக்குப் பிரிக்கத் தெரிந்துவிட்டது. எந்த ஊட்டச்சத்து நிபுணரும் அவளுக்கு வகுப்பு எடுக்கவில்லை. உப்புமா எடுத்திருக்கிறது.

மத்தியானம் அந்தப் பேட்டைப் பள்ளிக்கூடம் ஒன்றில் அனுமதி வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றேன். தட்டுகளோடு வரிசை. அன்றைக்குக் கீரைச் சாதம். ஒரு சின்னப் பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு, “ஆயா, எனக்குப் பச்சையா இல்லாத எடத்துல போடு” என்றாள். கரண்டி வைத்திருந்த அம்மாள், “பச்சை இல்லாத எடம் அண்டாவிலே எங்கடி இருக்கு? நேத்து ஓட்டத்துல ரெண்டாவதா வந்தியே, இன்னிக்கு இதைத் தின்னுட்டு முதலா வா” என்று போட்டாள். பெண் யோசித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் தின்பதைப் பார்த்தது. தின்றது. முழுதும் தின்னவில்லை, பாதி. நாளைக்கு முக்கால் தின்னும். என் பேத்தியின் பள்ளிக்கூடத்தில் அறுநூறு ரூபாய் வாடகையில் நடக்காத காரியம், மாதச் சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லாத ஒரு சமையற்கார அம்மாளின் கரண்டியில் நடந்தது.

குழந்தை கேட்டுக் கற்பதில்லை. பக்கத்துக் குழந்தையைப் பார்த்துக் கற்கிறது. வீட்டில் ஆயிரம் தாஜா பண்ணினாலும் தொடாத கீரையை, நாற்பது பேர் தின்கிற பந்தியில் நாற்பத்தோராவது குழந்தை தின்றுவிடும். தாத்தா பாட்டிகளுக்கெல்லாம் தெரிந்த சமாசாரம்.

சத்துணவில் குறையே இல்லை என்று நான் சொல்லப் போவதில்லை. சோறு மிகுதி, காய் குறைவு. சாம்பாரில் பருப்பைத் தேடவேண்டிய நாட்கள் உண்டு. சில மையங்களில் ஓர் அமைப்பாளரே இரண்டு மூன்று மையங்களைப் பார்த்துக்கொண்டு ஓடுகிறார். காலி இடங்களை நிரப்புங்கள், ஓய்வூதியம் ஒழுங்காகக் கொடுங்கள் என்று அந்த ஊழியர்கள் வருஷக்கணக்காகத் தெருவில் உட்கார்ந்து கேட்கிறார்கள். நாம் காரில் அவர்களைச் சுற்றிக்கொண்டு போகிறோம், போக்குவரத்து நெரிசல் என்று அலுத்துக்கொள்கிறோம். குழந்தைக்கு முதல் ஊட்டச்சத்து ஆசிரியை அவள்தான் என்றால், அவளுக்கு ஆசிரியையின் மரியாதையும் பயிற்சியும் சம்பளமும் வேண்டாமா? விழிப்புணர்வுப் பதாகைக்கு அச்சடிக்கிற காசில் ஆரம்பிக்கலாம்.

பாடத்துக்கு வேண்டிய சரக்கு அந்த ஊரிலேயே கொட்டிக் கிடக்கிறது. வரதராஜப் பெருமாளுக்குக் காலையில் நைவேத்தியமாகிற குடலை இட்லியை எடுத்துக்கொள்ளுங்கள். மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து, அரிசியும் உளுந்தும் அரைத்த மாவில் மிளகு, சீரகம், சுக்கு சேர்த்து வேகவைக்கிறார்கள். அரிசிப் புரதத்தில் குறைவாயிருக்கிற ஒரு சத்து உளுந்தில் உண்டு. உளுந்தில் குறைவாயிருப்பது அரிசியில் உண்டு. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடு செய்கிறது. விஞ்ஞானம் இந்த ரகசியத்தைச் சோதனைச்சாலையில் கண்டுபிடிப்பதற்கு முன்பே மடைப்பள்ளியில் பரிசாரகர் கண்டுபிடித்துவிட்டார். ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றுகிற கூழ் இருக்கிறதே, அந்தக் கேழ்வரகு நூறு கிராமில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். அரிசியில் பத்து மில்லிகிராம் தேறினால் பெரிது. கீரைச் சாதத்தின் மேல் அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் கீரையின் இரும்பை உடம்பு நன்றாக ஏற்கும். இதையெல்லாம் தட்டு முன்னால் இருக்கும்போது இரண்டு வாக்கியத்தில் ஓர் ஆசிரியர் சொல்லலாம். பாடப் புத்தகத்தில் எட்டாம் பாடமாக வந்தால் ஐந்து மதிப்பெண் வினாவாகச் செத்துப்போகும்.

ஜப்பான்காரன் இதைப் புரிந்துகொண்டான். அங்கே பள்ளிச் சாப்பாடு 1889ல் சுருவோகா என்ற ஊரில், ஒரு பௌத்தக் கோயிலில் நடந்த பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்தது. சோற்று உருண்டை, உப்பு மீன், ஊறுகாய். நம் காஞ்சியிலும் பஞ்ச காலத்தில் அமுதசுரபியோடு வந்து பசி தீர்த்தவள் மணிமேகலை என்ற பௌத்தத் துறவிதான் என்பது உங்களுக்கு நினைவு வரும். அவள் எல்லோருக்கும் முதலில் சோறு போட்டாள். அறம் கேட்பதும் சொல்வதும் பிறகுதான். போகட்டும். ஜப்பானில் 1954ல் பள்ளிச் சாப்பாட்டுக்கு ஒரு சட்டம் போட்டார்கள். 2005ல் ‘உணவுக் கல்வி’ என்றே தனிச் சட்டம். பள்ளிகளில் ஊட்டச்சத்து ஆசிரியர் என்று ஓர் உத்தியோகமும் அந்த வருஷம் வந்தது. ஆனால் சட்டத்தைவிட எனக்குப் பிடித்தது அவர்கள் வகுப்பறை. குழந்தைகளே வெள்ளைத் தொப்பியும் மேலாடையும் போட்டுக்கொண்டு ஒருவருக்கொருவர் பரிமாறுகிறார்கள். டாக்டர் பிள்ளைக்கும் மீன்காரர் பிள்ளைக்கும் ஒரே சாப்பாடு. ஆசிரியரும் அதையே, அதே அறையில், கூட உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

நம் பள்ளிகளிலும் பரிமாறுவதற்கு முன்னால் ஆசிரியர் ருசி பார்க்க வேண்டும் என்று விதி உண்டு. 2013ல் பீகாரில் மதிய உணவில் விஷம் கலந்து இருபத்து மூன்று குழந்தைகள் மாண்ட பிறகு அந்த விதியை நாடெங்கும் மறுபடி உரக்கச் சொன்னார்கள். ருசி பார்ப்பது வேறு, உட்கார்ந்து உண்பது வேறு. முன்னது சோதனை, பின்னது உறவு. எத்தனை ஆசிரியர்கள் அந்தப் பந்தியில் உட்காருகிறார்கள்? அதிகம் பேர் வீட்டுச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு தனி அறைக்குப் போகிறார்கள். ‘இது உங்களுக்கு, எனக்கு அல்ல’ என்று ஆசிரியரின் முதுகு சொல்கிற பாடத்தைக் குழந்தைகள் தப்பாமல் படித்துவிடுகின்றன.

அந்த முதுகுக்குப் பின்னால் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. 2018ல் திருப்பூர் மாவட்டம் அவிநாசிக்கு அருகே திருமலைக்கவுண்டன்பாளையத்தில் ஒரு தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று பெற்றோர் சிலர் பள்ளிக்கூடத்தையே மறித்தார்கள். அவரை இடம் மாற்றினார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் திரும்ப வந்தார். யார் சமைத்ததை யார் தின்பது என்ற கேள்விதான் நம் நாட்டில் உணவுக் கல்வியின் அரிச்சுவடி. எந்தப் பிரமிடுப் படத்திலும் அதற்குத் தட்டு இல்லை.

இனி நம் பக்கம் வருவோம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நாலில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இல்லை. நூற்றுக்கு ஐம்பத்தேழு பேருக்கு ரத்தசோகை. அதே கணக்கெடுப்பு, அதே தமிழ்நாடு: நூற்றுக்கு நாற்பது பெண்கள் அதிக எடை. ஏழைக்குச் சோகை, பணக்காரனுக்குக் கொழுப்பு என்று எண்ணிவிடாதீர்கள். நம் வீடுகளில் இரண்டும் ஒரே உடம்பில் குடியிருக்கின்றன. காலையில் குழந்தைக்குப் பாலில் கலக்கிக் கொடுக்கிறோமே சாக்லேட் பொடி, அதை ‘ஆரோக்கிய பானம்’ என்ற தலைப்பில் விற்கக் கூடாது என்று 2024ல் மத்திய சர்க்கார் வியாபாரத் தளங்களுக்குச் சொல்லும்வரை, நாம் அதை மருந்து மாதிரி ஊட்டினோம். 2020ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு விதி போட்டது: கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் விற்கக் கூடாது. ரொம்ப நல்லது. ஆனால் பிள்ளையின் டிபன் டப்பாவுக்குள் அந்த விதி நுழையாது. ஐம்பது மீட்டருக்கு அப்பால் வாங்கி, டப்பாவில் அடைத்து, நாமே வாசலைத் தாண்டி அனுப்பிவிடுகிறோம்.

பிள்ளையார்பாளையத்து நெசவாளி தன் பிள்ளைக்கு அது கொடுக்க முடியாத காரணத்தால் பள்ளிக்கூடத்தை நம்புகிறான். நாம் கொடுக்க முடிந்த காரணத்தால் கெடுக்கிறோம். பருப்பும் கீரையும் முட்டையும் கொண்டைக்கடலையும் சூடாக ஒரு பந்தியில் உட்கார்ந்து தின்கிற பாக்கியம் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு உண்டு. லட்ச ரூபாய் கட்டணம் கட்டுகிற பிள்ளைக்கு இல்லை. அது ஆறிப் போன நூடுல்ஸைத் தனியாக ஒரு மூலையில் முள்கரண்டியால் குத்திக்கொண்டிருக்கிறது.

ஆகையால் இதை வாசிக்கிற தாய்மார்களுக்கும் தகப்பன்மார்களுக்கும் ஒரு சிறு வேலை கொடுக்கிறேன். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று ஒரு கேள்வி கேளுங்கள். ‘டப்பாவில் என்ன வைக்கவேண்டும் என்று மாதா மாதம் சுற்றறிக்கை அனுப்புகிறீர்களே, ஒரு வேளைச் சாப்பாட்டை நீங்களே சமைத்து எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றாகப் போடக்கூடாதா? செலவைக் கட்டணத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆசிரியர்களும் கூட உட்காரட்டும்’ என்று கேளுங்கள். இடமில்லை என்பார்கள்; நீச்சல் குளத்துக்கு இடம் இருந்ததை ஞாபகப்படுத்துங்கள். நேரமில்லை என்பார்கள், காரட் வேஷத்துக்கு ஒரு நாள் முழுதும் இருந்ததைச் சொல்லுங்கள். கடைசியாக, ‘எங்களுக்கு ஆட்சேபணை இல்லை சார். யார் சமைத்தது, யாரோடு உட்கார்ந்து தின்றது என்று பெற்றோர்கள்தான் கேட்பார்கள்’ என்று குரலைத் தாழ்த்திச் சொல்லுவார்கள். அப்போது பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறவர்கள் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.